அந்தப் பக்கத்து ஜன்னல்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி வைதேகி என்னை 'சார்' என்று கூப்பிட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து நான் அவளுக்கு 'ஏன்னா'தான். மறதி நோய் என்று டாக்டர் சொன்ன பிறகு, காபிக்குச் சர்க்கரை போட மறந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் பெயரை மறந்தாள். சரி, போகட்டும். ஆனால் 'சார்'...? இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்கு இது என்ன பிரமோஷன்?

பெங்களூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, நான் அனுப்பின ஆர்ட் ஜர்னலை எடுங்கோ. ஒரு பக்கத்துக்கு ஒரு விஷயம். படம் ஒட்டலாம், வரையலாம். அம்மாவுக்குப் பிடிச்ச பழைய இடம் ஏதாவது போடுங்கோ. ஞாபகம் வரலாம்."

"அதோட வந்த கிரேயான் பெட்டில இருபத்து நாலுன்னு போட்டிருக்கு. இருபத்து மூணுதான் இருக்கு."

"எண்ணியாச்சா!" என்று பெருமூச்சு விட்டாள்.

பழைய இடம் என்றதும் எனக்குத் தோன்றியது மண்டகள்ளி. இப்போது மைசூர் விமான நிலையம் இருக்கிறதே, அங்கேதான். மகாராஜா காலத்து ஓடுதளம். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் சுற்றிலும் புல் மண்டிக் கிடந்தது. எப்போதாவது ஒரு சின்ன விமானம் வந்து இறங்கும். சைக்கிளில் போய் வேலியோரம் நின்று பார்ப்போம்.

ஒருநாள் விமானத்தின் ஜன்னல்களை எண்ணினேன். இந்தப் பக்கம் ஏழு. மறுபக்கத்தையும் எண்ணிவிடலாம் என்று வேலியைச் சுற்றக் கிளம்பினேன். வைதேகி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏன்னா, அந்தப் பக்கமும் ஏழுதான் இருக்கும்!"

வீடு வரும் வரை சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒரு தடவை திரும்பி வந்தால் போதும். என்னையும் தெரிந்துகொள்வாள்... இதுதான் என் கணக்கு.

சோபாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேப்பரில் வந்த மண்டகள்ளிப் படத்தை வெட்டி ஒட்டினேன். ஸ்கேல் வைத்து ஓடுதளம் போட்டேன். "வைதேகி, நடுவில ஒரு விமானம் வரை."

வரைந்தாள். கோலம் போட்ட கை, கோடு நடுங்கவில்லை. கீழே அகலம், மேலே போகப் போகக் குறுகல், உச்சியில்... கலசம்!

கோவில் ஊரான மேல்கோட்டையில் பிறந்தவளிடம் விமானம் என்றால்? கர்ப்பகிருகத்துக்கு மேலே நிற்கும் விமானத்தைப் போட்டுவிட்டாள்.

"இது கோவில் விமானம். நான் கேட்டது பறக்கற விமானம்."

"இதுவும் பறக்கும், சார்" என்று இரண்டு பக்கமும் இறக்கை வைத்தாள். பிறகு வரிசையாக ஜன்னல்கள். ஒரு ஜன்னலில் ஒரு பெண் முகம். "இது நான்."

"பக்கத்து ஜன்னல் காலியா இருக்கே?"

"அது எங்காத்துக்காரரோடது. ஜன்னல் எண்ணப் போயிருக்கார். வந்துடுவார்."

'அது நான்தான்' என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் சோபாவைத் தட்டினாள்.

"சார், ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணி உக்காருங்கோ. அவர் வந்தா இடம் வேணும்."

இந்த மைசூர் பஸ்ஸில் 'ஸ்வல்ப அட்ஜஸ்ட்' என்று கேட்ட எத்தனையோ பேருக்கு நகர்ந்து இடம் கொடுத்திருக்கிறேன். எனக்காக நானே நகர்ந்தது இதுதான் முதல் தடவை.

ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தேன். அவள் வரைந்த ஜன்னல்களை வாய்விட்டு எண்ணினேன். ஒண்ணு... ரெண்டு... ஏழு. கை தானாகப் பக்கத்தைத் திருப்ப, பின்புறம் பார்த்தேன்.

வைதேகி நிமிர்ந்தாள். என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். சிரித்தாள் — வேலியோரத்துச் சிரிப்பு, அப்படியே.

"சார், அந்தப் பக்கமும் ஏழுதான் இருக்கும்!"

அன்றைக்குச் சொன்னதில் ஒரே ஒரு வார்த்தைதான் குறைகிறது. எண்ணிப் பார்த்துவிட்டேன்.