விசர் என்ற சொல்

நவரத்தினம் அண்ணைக்கு அந்த மனநோய் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தபோது நாங்கள் பகிடி பண்ணினோம். "அண்ணை, உள்ளுக்குப் போனால் திரும்பி வெளியில விடுவினமோ?" அவர் கோபிக்கவில்லை. கதவு, பூட்டு, குழாய் எல்லாம் பழுதுபார்க்கிற ஆளாக அங்கேயே காலத்தைக் கழித்துவிட்டார்.

ஜெர்மனியில் டோர்ட்மண்டுக்கு வெளியே, கைசர் மன்னர் காலத்துச் செங்கல் கட்டடங்கள். ஆண்களுக்கு இடப்பக்கம், பெண்களுக்கு வலப்பக்கம், நடுவில் தேவாலயம். நல்ல காற்றும் தோட்டவேலையும் புத்தியைத் திருப்பிக் கொண்டுவரும் என்று நம்பி ஊருக்குத் தள்ளிக் கட்டினார்களாம். போகிறவர்களுக்கெல்லாம் அண்ணை ஜன்னலைத் தட்டிக் காட்டுவார். பார்த்தால் வெள்ளை மரச்சட்டம், தட்டினால் இரும்பு. மதிலையும் பள்ளத்துக்குள் இறக்கிக் கட்டியதால், உள்ளே நிற்பவர் கண்ணுக்கு வயல் மட்டும்தான் தெரியும். "மறியல் எண்டு, அடைச்சு வைக்கிற இடமெண்டு தெரியக் கூடாதாம். என்ன மூளை பாரும்" என்பார். நாஜிகள் காலத்தில் அதே வாசலுக்கு பஸ் வந்து நோயாளிகளை ஏற்றிக்கொண்டுபோய்க் கொன்றதை மட்டும் சத்தத்தைக் குறைத்துச் சொல்வார்.

போன மாசியில் அவருடைய மனைவி கமலநாயகி அக்காவையே அங்கு சேர்க்க வேண்டி வந்தது. தண்ணிக் குழாய்க்குள் ஆட்கள் கதைக்கிறார்கள் என்று பயந்து, பனிக்குள் வெறுங்காலோடு ரயில் பாதைக்குப் போய்விட்டார். மருந்தில் குரல்கள் அடங்கின. ஆனால் பூட்டிய வார்டிலிருந்து வீட்டுக்கு விடுவதா இல்லையா என்று நீதிபதி வந்து கேட்டுத்தான் முடிவெடுப்பார்.

அண்ணை தனியாகப் போகப் பயந்து என்னையும் கூட்டிக்கொண்டு போனார். புருசன் மொழிபெயர்க்க ஏலாதாம். அக்காவின் அறையில் ஒரு டேப்லெட்டை வைத்தார்கள். அதற்குள் மொழிபெயர்க்கச் சென்னைத் தம்பி ஒருவர், மரியாதையான பிள்ளை. இங்கே எப்படி இருக்கிறது என்று, டாக்டரோடு வந்திருந்த நீதிபதி கேட்டார்.

அக்கா அன்று தலை சீவி இழுத்து, பொட்டும் வைத்திருந்தார். சிரித்துக்கொண்டே சொன்னார்: "சும்மா இருக்க விசர் பிடிக்குது."

யாழ்ப்பாணத்தில் பஸ் பிந்தினாலும் விசர் பிடிக்கும், சோறு குழைந்தாலும் விசர் பிடிக்கும். தம்பி பாவம், கவனமாகக் கேட்டார்: "விசர்னா பைத்தியம்தானேம்மா?"

"ஓம் ஓம்."

"இப்பவும் இருக்கா?"

"அது எங்க போகும் தம்பி? ஒவ்வொரு நாளும்தான்."

அவர் அதை அப்படியே ஜெர்மனில் சொன்னார். டாக்டர் தலையாட்டினார். அண்ணை எழும்பி, அது நோயில்லை, வெறும் அலுப்பு, எங்களுடைய பேச்சு அப்படித்தான் என்று கெஞ்சினார். "நீங்கள் கணவர், எனக்கு விளங்குகிறது" என்றார் நீதிபதி. அவரும் கெட்ட மனிசன் இல்லை. ஒருவரையும் ஏச முடியாமல் இருப்பதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல். இன்னும் ஆறு கிழமை, ஒன்றரை மாதம், உள்ளேயே இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அந்த நேரம் பார்த்து டேப்லெட்டில் தொடர்பு அறுந்துவிட்டது. மனைவிக்கு நீங்களே சொல்லிவிடுங்கள் என்று அண்ணையிடம் சொல்லிவிட்டு எல்லோரும் போனார்கள். தீர்ப்பைச் சொல்ல மட்டும் புருசன் போதுமாம்.

அக்கா அவருடைய முகத்தைப் பார்த்தார். "நல்லாத்தானே கதைச்சனான்?"

"ஓம். நல்லாத்தான் கதைச்சனீர்."

"அப்ப நான் வீட்டுக்கு வெளிக்கிடட்டோ?"

அண்ணை என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அக்கா குளிர்ச்சட்டையை எடுத்துப் போட்டு, கீழேயிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டத் தொடங்கினார்.