சிவப்புக் கண்ணாடி டாக்டர்

எங்கள் எக்ஸ்ரே டாக்டர் பகலிலும் சிவப்புக் கண்ணாடியோடுதான் வராந்தாவில் நடப்பார். இருட்டறைத் திரைக்குக் கண்ணைப் பழக்கும் ஏற்பாடு அது. நோயாளியின் முகமே பார்க்காத படிப்பு என்று மருத்துவ மாணவர்கள் நாங்கள், வகுப்பு இருந்தாலொழிய அந்தப் பக்கமே போகமாட்டோம்.

ஒரு மாலை குமணன்சாவடி பஸ் ஸ்டாப்பில் அவரோடு நின்றேன். அன்று காலை வகுப்பில் வெள்ளைக் கரைசலைக் குடிக்கவைத்து, நாங்கள் திரையில் வயிற்றுப் புற்றைப் பார்த்த தொழிலாளியும் அங்கே இருந்தார். காலை இருட்டறையில் டாக்டரின் முகம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. என் வெள்ளைக் கோட்டைப் பார்த்து வந்தார்.

"அந்த வெள்ள மருந்து குட்ச்சதுலேந்து வலி தேவல சார். இன்னொரு தபா குட்தா சரியாப்பூடும்ல?"

படம் தெரியக் கொடுத்தது மருந்தல்ல என்று எப்படிச் சொல்வது? டாக்டரைப் பார்த்தேன். வீட்டுக்குப் புறப்பட்ட மனிதர், பையிலிருந்து சிவப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

எனக்கு மாட்டிக்கொள்ள எதுவும் இல்லை.