மீட்டர் மேல் போட்ட துண்டு

திருவொற்றியூரில் நான் லாரி மெக்கானிக். என் தோஸ்து ஒருவன், தன் பழைய டிரெய்லர் லாரியின் இழுவை கூட, டர்போ அழுத்தத்தைக் கூட்டித் தரச் சொல்லிப் பத்து நாள் நச்சரித்தான்.

"பாலம் ஏறும்போது அல்லாரும் தாண்டிக்கினு போறானுங்கோ மாமு. மானம் போவுது."

அழுத்தம் கூடினால் எஞ்சின் சூடும் கூடும்; அந்த வயதான பிஸ்டன் அதைத் தாங்காது என்று எனக்குத் தெரியும். மனுஷன் கெஞ்சினால் எனக்கு மறுக்க வராது, கூட்டிக் கொடுத்தேன். மனசு உறுத்தியதால், புகைக்குழாயின் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்றையும் கேபினில் மாட்டினேன்.

"முள்ளு எழுநூறு டிகிரியத் தொட்டா ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்துடு நைனா" என்றேன்.

ஒரு மாதத்தில் வண்டி எண்ணூர் சாலையில் நின்றுவிட்டது. எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால், பிஸ்டன் தலை உருகி ஓட்டை விழுந்திருந்தது. கேபினில் மீட்டர் மேல் அவன் துண்டு தொங்கியது.

"இன்னாத்துக்கு மூடுன?"

"அது என்னியே மொறைச்சிக்கினு கீது மாமு. பேஜாராப் போச்சு."

அந்த எஞ்சின் அப்புறம் தேறவில்லை. வண்டி பழைய இரும்புக்குப் போனது. இப்போது அவன் யாருடைய லாரியையோ ஓட்டுகிறான். பார்க்கும்போதெல்லாம், "தப்பு என்னுது மாமு" என்கிறான். தாங்காது என்று அன்றைக்கே எனக்குத் தெரியும் என்பதை, இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.