போர்ட் இல்லாத கொம்பனிக்குப் பிள்ளை கேட்டுப் போனது

கலியாணம் பேசப் போகிறவர்களுக்காவது ஒரு தேத்தண்ணி கிடைக்கும். சின்னக் கொம்பனிகளுக்குப் பிள்ளை கேட்டுப் போகிற எங்களுக்கு அதுவும் சந்தேகம்தான்.

நான் பதினொராம் ஆண்டு ஓ.எல். மட்டும் படித்தவள். என் பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்துவிட்டார்கள். ஏ.எல். எழுதிப் பள்ளிக்கூடம் முடித்தவர்களுக்கு வேலை வழி காட்டுகிற ஒரு அலுவலகம் வெள்ளவத்தையில் இருக்கிறது. புதிதாக ஏதாவது கண்டுபிடித்துச் செய்கிற நாலு பேர், ஐந்து பேர் கொம்பனிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவதும், பெற்றோருக்குக் கோல் எடுப்பதும் அங்கே என் வேலை. பிள்ளை பெற்ற உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, இரண்டாவதுதான் கஷ்டம்.

பெயர் இல்லாத இடம்

எங்கள் அலுவலகத்தில் பெயர் பதிந்த ஷாலினியின் அப்பா கொட்டாஞ்சேனையில் த்ரீவீல் ஓடுகிறவர். மகள் கணக்கில் கெட்டிக்காரி. கிராண்ட்பாஸில் ஒரு சின்னக் கொம்பனியைப் பார்க்க அவளை அனுப்பச் சொல்லி அவருக்குக் கோல் எடுத்தேன். ஊசி மருந்து கொண்டு போகிற குளிர்ப்பெட்டிக்கு ஒரு கருவி செய்கிறார்கள், உள்ளே சூடு ஏறினால் அது கத்தும் என்று எனக்கு விளங்கின மட்டில் சொன்னேன்.

"வாசலில பேர் போர்ட் இருக்கோ அக்கா?" என்று கேட்டார். ஓம் என்று சொல்ல வாய் வந்தது. மேசையில் செபமாலை கிடந்தது. இல்லை, ஹார்ட்வெயார் கடைக்கு மேல் மாடி என்றேன். "என்ர த்ரீவீலுக்கே நான் பேர் எழுதி வச்சிருக்கிறன். பேர் இல்லாத இடத்துக்குப் பிள்ளையை அனுப்ப எனக்கென்ன விசரே?" என்று ஏசினார். பார்க்க மட்டும்தான் என்று மூன்று தரம் கெஞ்சின பிறகு சொன்னார்:

"சரி, பார்த்துப்போட்டு வரட்டும். அங்க ஒரு பேப்பரிலயும் கையெழுத்து வைக்கக் கூடாது."

கத்தாத பெட்டி

செவ்வாய்க்கிழமை ஆறு பிள்ளைகளோடு போனேன். கொம்பனி நடத்துகிற இம்தியாஸ் தம்பிக்கு முப்பது வயதுதான் இருக்கும். பெருமையாகப் பெட்டியின் மூடியைத் திறந்து, "இப்ப கத்தும் பாருங்க" என்றார். கத்தவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். திங்கட்கிழமை ஒரு கிளினிக்குக்குப் போக வேண்டிய பெட்டியாம். அவருடைய நெற்றி வேர்த்ததைப் பார்த்து நான் மனதுக்குள் 'அருள் நிறைந்த மரியே' தொடங்கிவிட்டேன்.

ஷாலினி குனிந்து பார்த்தாள். "அண்ணா, சூடு பார்க்கிற வயர் நுனி ஐஸ் பையோட ஒட்டிக்கொண்டிருக்கு. பெட்டி சூடானாலும் அதுக்கு இன்னும் குளிர்தானே." அவள் அதை இழுத்துத் தள்ளி வைத்த கொஞ்ச நேரத்தில் பெட்டி போட்ட கூச்சலுக்குக் கீழே இருந்த கடைக்காரர் படியேறி ஓடி வந்தார். இம்தியாஸ் அவரைப் பார்க்கவே இல்லை, ஷாலினியைத்தான் பார்த்தார்.

"புள்ள, வார திங்கக்கிழமை வேலைக்கு வர ஏலுமா?"

செருப்பு

வியாழக்கிழமை அப்பா இடம் பார்க்க வந்தார். அன்று காலைதான் ஒரு பெரிய லீசிங் கொம்பனியில் இருந்து ஷாலினிக்கு வேலைக் கடிதம் வந்திருந்தது. அங்கேயும் திங்கட்கிழமை சேர வேண்டும். இம்தியாஸுக்கோ வெள்ளி பின்னேரம் ஐந்து மணிக்குள் பதில் வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளை எடுப்பார்.

உள்ளே இருந்த நான் வெறுங்காலோடு வாசலுக்கு ஓடினேன். அவர் மேல் படியில் நின்று, கழற்றிப் போட்டிருந்த செருப்புகளை விரலால் எண்ணிக்கொண்டிருந்தார். பின்னால் ஷாலினி தலை நிமிரவில்லை. வாங்கோ, உள்ளே வந்து பாருங்கோ என்றேன். அவர் அசையவில்லை.

"ஆறு சோடி கிடக்கு. அதில ஒரு சோடி உங்கட. இதுவோ அக்கா கொம்பனி?"

வெள்ளிக்கிழமை

மத்தியானம் ஷாலினி கோல் எடுத்தாள். "அன்ரி, லீசிங் கொம்பனிக்குப் போட அப்பா வெள்ளை பிளவுஸ் தைக்கக் குடுத்திட்டார்." உடனே இம்தியாஸுக்கு எடுத்துக் கேட்டேன், தம்பி, உங்கட கொம்பனி ஒரு வருசம் நிற்குமோ என்று. "பொய் சொல்ல ஏலா அன்ரி. ஆறு மாசத்துக்குப் பெட்டி ஓடர் இரிக்கி. அதுக்குப் பொறகு அல்லாஹ்தான்."

இதைச் சொன்னால் அப்பா விடமாட்டார். சொல்லாமல் விட்டு, பிறகு கொம்பனி பூட்டினால், நான் நம்ப வைத்த பிள்ளை வீட்டில் இருப்பாள். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்க அவருக்கு எடுத்து, ஆறு மாசக் கதையை அப்படியே சொன்னேன். த்ரீவீல் எஞ்சின் இரைச்சலுக்கு மேலால் அவர் கத்தினார்:

"மூண்டு நாளா வீட்டில அந்தப் பெட்டிக் கதைதான், பிள்ளை ராத்திரி சாப்பிடவும் இல்லை. ஆறு மாசத்துக்கு அனுப்புறன். ஏழாம் மாசம் அவங்கள் பூட்டினாங்களென்டா, பிள்ளையை உங்கட வீட்டு வாசலிலதான் கொண்டுவந்து இறக்குவன், சொல்லிப்போட்டன்!"

அன்றிலிருந்து நான் முழங்காலில் நின்று கேட்பதெல்லாம் அந்த ஊசி மருந்துப் பெட்டி நல்லா விலைப்பட வேண்டும் என்றுதான். ஆண்டவருக்கே இப்படி ஒரு மன்றாட்டு புதிதாகத்தான் இருக்கும்.