என் பெயரில் ஆடியவன்

இல்லாத விதியைச் சொல்லி என் நண்பனின் ஆட்டத்தைக் கெடுத்தேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லும் வயதை நான் தாண்டிவிட்டேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். பட்டணத்துக் கல்லூரியில் இருவரும் கூடைப்பந்து ஆடினோம். நான் அம்பத்தூர், அவன் பக்கத்துக் கள்ளிக்குப்பம். அவனுடைய அப்பா பிறர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். பல்கலைக்கழக அணியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் ஆவடியில் ஒரு பள்ளியில் டிரில் மாஸ்டர் வேலை நிச்சயம் என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த அணி கல்கத்தாவுக்குப் போய் மற்ற மாகாணப் பல்கலைக்கழகங்களோடு மோதும். எங்கள் கல்லூரியிலிருந்து ஒருவனைத்தான் எடுப்பார்கள்.

பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஐந்து பேரைத் தாண்டிப் போவான் அவன். எனக்கு இரண்டு பேரைத் தாண்டினாலே மூச்சு வாங்கும். ஆனால் கேப்டன் நான். விதிப்புத்தகம் என்னிடம்தான் இருந்தது. அணித் தேர்வு நாளன்று ரயிலில் வாயைத் திறந்தேன்.

“புது ரூல் வந்துகீது மச்சான். ரெண்டு தட்டுக்கு மேல தட்னா ஃபவுல்.”

“மெய்யாலுமா?”

“புக்குல போட்டுகீது.”

புத்தகம் என்றால் அவனுக்கு மறுபேச்சில்லை. மைதானத்தில் இரண்டு தட்டு தட்டுவான். உடனே பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ரயிலைத் தவறவிட்டவன்போல நிற்பான். தேர்வாளர்கள் சிரித்தார்கள். என்னை எடுத்தார்கள்.

ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அவன் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவன் வாளியைக் கீழே வைத்தான்.

“அடப்பாவி! நீ மட்டும் பத்து தட்டு தட்டிகினு போனியே. கேப்டனுக்குச் சலுகை போலன்னு நெனச்சேன்டா!”

“என் எடத்துல நீ போ மச்சான்.”

ரயில் சலுகைக்காகப் பெயர்ப்பட்டியல் முன்பே போய்விட்டது, மாற்ற வழியில்லை. அணியின் மற்றவர்கள் வேறு கல்லூரிக்காரர்கள். கூட்டிப்போகும் மேனேஜரும் எங்கள் முகம் அறியாதவர்.

“அப்ப உன் பேர்லயே போறேன்,” என்றான். போனான்.

கல்கத்தாவில் புயலாக ஆடினான். அணி கோப்பையோடு வந்தது. பத்திரிகையில் என் பெயர் வந்தது. என் அப்பா அதைத் தெருவெல்லாம் காட்டினார். கல்லூரி முதல்வர் என்னை மேடைக்கு அழைத்தார்.

“ஐயா, ஆடியது நான் இல்லை, அவன்,” என்றேன்.

“என்ன அடக்கம்!” என்று மாலையைப் போட்டுவிட்டார். அரங்கமே கைதட்டியது, அவனைத் தவிர.

சான்றிதழிலும் என் பெயர்தான்; அதை நாங்கள் இருவருமே முன்பு யோசிக்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு அவனோடு ஆவடிப் பள்ளிக்குப் போனேன். பொய் விதியில் தொடங்கி எல்லாவற்றையும் தலைமையாசிரியரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு காகிதத்தைப் பார்த்தார்.

“ஆடினது இவர்னு நீங்க சொல்றீங்க. நீங்கதான்னு இது சொல்லுது. என்னால இதைத்தான் நம்ப முடியும். உங்களுக்கு வேலை வேணும்னா திங்கக்கிழமை வந்து சேருங்க.”

வேண்டாம் என்றேன். வேலை வேறு யாருக்கோ போயிற்று.

வெளியே வந்ததும் அவன் சொன்னான்: “இன்னொரு தபா எனக்கு நல்லது பண்றேன்னு வராத மச்சான். ஒடம்பு தாங்காது.”

அடுத்த மாதம் ஒரு நெல் மண்டியில் கணக்கெழுதப் போனான். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தான்.