பச்சையாய்க் கிடந்த மனை

ஜவ்வாது மலையில் மழையை நம்பிச் சாமை விதைக்கிறவர்கள் நாங்கள். பிள்ளைகளின் படிப்புக்காகப் போன வருடம், நாளுக்கு நாள் பெருகிவரும் கண்ணமங்கலத்தில் மனை தேடினோம்.

வயலைப் பிரித்துப் போட்ட மனைகள் எல்லாம் காய்ந்து கிடக்க, ஒன்றில் மட்டும் கோடையிலும் கோரைப்புல் பச்சைப்பசேலென்று நின்றது. மலையில் பச்சை தெரிந்தால் அதுதான் எங்களுக்கு நல்ல நிலம். “எனக்கு இதான் வோணும்” என்று அடம்பிடித்தேன்.

பத்திரப்பதிவுக்கு முந்தின நாள் நல்ல மழை. மறுநாள் மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி, போகிற வழியில் மனையை எட்டிப் பார்த்தோம். எல்லைக்கல்லே தெரியாத அளவுக்குத் தண்ணீர். ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார்.

“இது ஏரித் தண்ணி போற ஓடைங்க. மண்ணக் கொட்டி மூடிட்டா, தண்ணி வழிய மறந்துடுமா இன்னா?” என்றார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். “இன்னாமே, வூடு கட்லாமா, மீன் புடிக்கலாமா?”

மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மேட்டில் கல்லும் முள்ளுமாகக் கிடந்த மனையை வாங்கி வீடு கட்டிவிட்டோம். இப்போது உறவினர்கள் மனை பார்க்கக் கூப்பிட்டால், தாலுகா ஆபீஸ் வரைபடத்தில் ஓடை இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்கிறேன். நானும் மழை பெய்த மறுநாள்தான் போகிறேன்.

நான் ஆசைப்பட்ட மனையில் கொக்குகள் குடியேறிவிட்டன. எங்கள் மாடியிலிருந்து பார்க்க, அது இன்னமும் அழகாகத்தான் இருக்கிறது.