தம்பி துறக்க வேண்டிய வீடு

கண்டதையும் கேட்டதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். அந்த வீடு கட்டைபறிச்சானில் இருக்கிறது. அதில் இன்றும் ஆட்கள் வாழ்கிறார்கள். ஊகித்து ஒரு வரி எழுதினாலும் அது அவர்களிடம் வேறு கதையாகவே போய்ச் சேரும்.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு அண்மையில், என் வீட்டு முன்னறையில் இருந்து ஆவணங்களைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். சென்ற மாரியில் ஒரு பெண் ஈரக் குடையோடு வந்தார். மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. வீட்டை மகள் பேரில் எழுத வேண்டும். வீட்டுப் பத்திரமான உறுதியோ இறந்துபோன அவருடைய தகப்பனின் பேரில் கிடந்தது. பிரான்சிலிருக்கும் தம்பி தன் பங்கைத் துறப்பதாகக் கையொப்பமிட வேண்டும் என்று சட்டத்தரணி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். கையொப்பத்தை உறுதிப்படுத்தும் அங்குள்ள நொத்தாரிசுக்கு அது பிரெஞ்சில் தேவைப்பட்டது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை மணமுடித்து மனைவி வீட்டுக்குப் போவான். இதை ஒருவரும் எழுதி வைப்பதில்லை, கேட்பதுமில்லை.

சட்டத்தரணி எழுதியிருந்த வினை ‘ரிலிங்குவிஷ்’. நேர்ப் பிரெஞ்சு ‘ரெனோன்சே’. துறத்தல் என்று பொருள் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது.

"துறக்கிறதோ? அவன் என்ன சாமியாரே, சேர்? ஒருநாளும் இந்த வீட்டைத் தன்ர எண்டு சொல்லாதவன். இப்பிடி எழுதிக் கேட்டால் நான் அவனில சந்தேகப்பட்ட மாதிரியெல்லோ? தாய்மாமனா வந்து நிக்கவேண்டியவன். வேற மரியாதையான சொல்லு உங்கட பிரெஞ்சில இல்லையே?"

வீடு அக்காவுடையதே என ஏற்கிறேன் என்று எழுதலாம். எனக்கு அதுவே உண்மைக்கு அண்மையாகப் பட்டது. சட்டத்தரணியைத் தொலைபேசியில் கேட்டேன். "ஏற்கிறது காணாது. பங்கை விட்டால்தான் உறுதி முடிக்க ஏலும்" என்றார். சட்டத்தின் கண்ணில் தம்பிக்குப் பங்கு உண்டு. ஆகவே மூலத்தை மாற்ற எனக்கு உரிமையில்லை. ‘ரெனோன்சே’ என்றே எழுதினேன். அந்தப் பெண் வாசற்படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மழையில் இறங்கினார்.

சில நாட்களில், மொழிபெயர்ப்பின் அடியிலிருந்த என் எண்ணுக்குத் தம்பியே அழைத்தார்.

"ஐயா, நீங்கள்தானே எழுதினது? இதில நான் எதைத் துறக்கிறன்?"

"வீட்டில உங்கட பங்கை."

"என்னட்ட இருந்தாத்தானே துறக்கலாம்? அது அக்காட வீடு. அக்காவோ இப்பிடிக் கேட்டவ?"

கேட்டது சட்டம் என்றேன். வேறு சொல் இருக்கிறதா என்று அக்கா என்னிடம் கேட்டதையும் சொன்னேன். தொலைபேசியில் அவருக்குப் பின்னால் ரயிலறிவிப்பு ஒலித்தது.

"ஓம். போட்டு அனுப்புறன். அவவுக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ."

கையொப்பம் வந்தது. உறுதி முடிந்தது. அழைப்புக்கு மதிப்பளித்துக் கலியாணத்துக்குப் போனேன். தாய்மாமன் இடத்தில் தோப்பூரிலிருந்து வந்த ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் நின்றார். மணப்பெண்ணின் தாய் எனக்குச் சாப்பாடு பரிமாறும்போது, "அவனுக்கு லீவு குடுக்கேல்லையாம், சேர்" என்றார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

தம்பிக்கு உண்மையில் விடுமுறை கிடைக்கவில்லையா, அல்லது அந்தத் தாளில் கையொப்பமிட்டபின் வர மனமில்லாமற் போனதா என்பது எனக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியுமா என்பதும் தெரியாது.